மூத்த பிட்சரின் பெயர் ஏன் விடுபட்டது? பிளேஆஃப் பட்டியலை நீங்களே போட்டுப் பார்க்கும் முறை

மேஜர் லீக் பேஸ்பாலில் ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் முடிந்து அக்டோபர் பிறக்கும் நேரத்தில் ஒரு காலை வரும். பிளேஆஃபுக்கு, அதாவது கோப்பைக்கான கடைசிக் கட்டத் தொடர்களுக்கு, அணிகள் தங்கள் 26 பேர் பட்டியலை வெளியிடும். அதில் ஏதோ ஒரு பெரிய பெயர் இருக்காது. 2024-இல் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் முதல் சுற்றான வைல்டு கார்டுக்குப் பிட்சர் (பந்து வீசுபவர்) ஜஸ்டின் வெர்லாண்டரைச் சேர்க்கவில்லை. 2025-இல் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அதே சுற்றில் கிளேட்டன் கெர்ஷாவை விட்டது. சில நாள் கழித்து டொராண்டோ புளூ ஜேஸ் அணியின் இரண்டாம் சுற்று டிவிஷன் சீரிஸ் பட்டியலில் மேக்ஸ் ஷெர்சர் பெயரும் இல்லை. மூவரும் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதைத் தலா மூன்று முறை வாங்கியவர்கள். மூவருமே 3,000 ஸ்ட்ரைக்அவுட்டை (பேட்டரை மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட்டாக்குவது) தாண்டியவர்கள்.

வயசாகிவிட்டது, நிர்வாகத்துக்கு நன்றி இல்லை, பயிற்சியாளரோடு சண்டை என்று பேச்சு கிளம்பும். பெரும்பாலும் அதற்கெல்லாம் அவசியமே இல்லை. ஒரு தாளும் பென்சிலும் எடுத்து 13 பிட்சர்களை நீங்களே நிரப்பிப் பார்த்தால், பெயர் எந்த இடத்தில் வழுக்கி விழுகிறது என்பது தெரிந்துவிடும். கையில் இருக்க வேண்டியவை: அணியின் 40 பேர் பட்டியல் (26 பேர் இதிலிருந்துதான் வருவார்கள்), அந்தச் சுற்றின் தேதிகள், ஒவ்வொரு பிட்சரும் கடைசி ஆறு வாரங்களில் எந்த நாளில் எத்தனை பந்து வீசினார் என்ற கணக்கு, எதிரணியின் பேட்டிங் வரிசை. பழகிவிட்டால் ஒரு மணி நேர வேலை.

தகுதி இல்லாதவர்களை முதலில் அடியுங்கள்

தாளின் இடப்பக்கம் 40 பேர் பட்டியலில் உள்ள பிட்சர்கள் எல்லோரையும் எழுதுங்கள். பிறகு ஆகஸ்ட் 31-ஐப் பாருங்கள். அன்று இரவு 11:59-க்கு, கிழக்கு அமெரிக்க நேரப்படி, அணியின் 40 பேர் பட்டியலிலோ 60 நாள் காயப் பட்டியலிலோ இருந்தவர்களுக்குத் தகுதி உண்டு. செப்டம்பரில் வேறு அணியிலிருந்து வந்து சேர்ந்தவரை அடித்துவிடலாம்.

ஒரு பக்கக் கதவு உண்டு. ஆகஸ்ட் 31 அன்று அதே நிறுவனத்தின் மைனர் லீக் அணியில் இருந்தவரை, காயத்தால் ஆட முடியாத ஒருவருக்கு மாற்றாகச் சேர்த்துக்கொள்ள கமிஷனர் அலுவலகத்தில் மனு போடலாம். 2002-இல் அனஹைம் ஏஞ்சல்ஸ் 20 வயது பிரான்சிஸ்கோ ரோட்ரிகஸை இப்படித்தான் கொண்டுவந்தது. பிளேஆஃபுக்கு முந்தைய லீக் பருவத்தில் ஒரு வெற்றிகூட இல்லாத அந்தப் பையன் அந்த பிளேஆஃபில் ஐந்து வெற்றி எடுத்தார். 2025-இல் டொராண்டோவின் ட்ரே யெசாவேஜ் மேல் அணிக்கு முதன்முதலாக ஆடியதே செப்டம்பர் 15-இல்தான். மூன்று ஆட்டம் ஆடிவிட்டு நேராக டிவிஷன் சீரிஸின் இரண்டாவது ஆட்டத்தைத் தொடங்கினார். 11 ஸ்ட்ரைக்அவுட், ஒரு ஹிட் கூடக் கொடுக்கவில்லை. மூத்தவரின் இடத்தைப் பறிப்பவர் பல நேரம் ஆகஸ்டில் யாரும் கேள்விப்படாத ஆளாக இருப்பதற்குக் காரணம் இந்தக் கதவுதான். ஆகவே மனு போட வாய்ப்புள்ள மைனர் லீக் பையன்கள் இரண்டு மூன்று பேரையும் தாளின் ஓரத்தில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

பலர் தவறுகிற இடம் ஒன்று இங்கே இருக்கிறது. செப்டம்பரில் அணிகள் 28 பேர் வைத்திருக்க வேண்டும், அதில் 14 பேர் வரை பிட்சர்கள். பிளேஆஃப் தொடங்கியதும் அது 26 ஆகச் சுருங்கும். பிட்சர்கள் அதிகபட்சம் 13. கடைசி வாரப் பட்டியலை அப்படியே நகலெடுத்தால் கணக்கு முதல் அடியிலேயே தப்பு. 14 பேரோடு செப்டம்பரை முடித்த அணியில் யாரும் மோசமாக ஆடாவிட்டாலும் ஒரு பிட்சர் வெளியே போயே ஆக வேண்டும். ஷோஹெய் ஓட்டானி போல பேட்டிங்கும் பிட்சிங்கும் செய்கிறவர் என்று பதிவானவர் இந்த 13-இல் சேர மாட்டார். டாட்ஜர்ஸுக்கு அது கிட்டத்தட்ட இலவசமாக ஒரு பிட்சர் கிடைப்பது போல.

நாட்காட்டிதான் முதல் நீதிபதி

லீக் பருவத்தில் ஓர் அணிக்கு ஐந்து ஸ்டார்ட்டர்கள் (ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர்கள்) தேவை, சில அணிகளுக்கு ஆறு பேர். ஏறக்குறைய தினமும் ஆட்டம் இருப்பதால் ஒருவர் வீசிவிட்டு நான்கு நாள் ஓய்வெடுத்து ஐந்தாம் நாள் திரும்புவார். பிளேஆஃபில் இடையிடையே ஓய்வு நாள் வரும். அந்த ஓய்வு நாள்கள்தான் ஐந்தாவது ஸ்டார்ட்டரின் வேலையைத் தின்றுவிடுகின்றன. இதை வாயால் சொன்னால் ஏறாது. கட்டம் போட்டுப் பாருங்கள்.

ஏழு ஆட்டத் தொடரை எடுத்துக்கொள்வோம். மூன்றாம் சுற்றான லீக் சாம்பியன்ஷிப் சீரிஸும் இறுதியான வேர்ல்டு சீரிஸும் ஒரே அமைப்பு: இரண்டு ஆட்டம், ஓய்வு, மூன்று ஆட்டம், ஓய்வு, இரண்டு ஆட்டம். ஒன்பது நாள். நாள் 1-இல் முதல் ஆட்டம், நாள் 2-இல் இரண்டாவது, நாள் 3 பயணம். நாள் 4, 5, 6-இல் மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது ஆட்டங்கள். நாள் 7 பயணம். நாள் 8, 9-இல் கடைசி இரண்டு.

இப்போது பெயர்களை வையுங்கள். முதல் ஆட்டத்தைத் தொடங்கியவர் நான்கு நாள் ஓய்வெடுத்து நாள் 6-இல் வருவார்: ஐந்தாவது ஆட்டம். நாள் 2-இல் வீசியவர் ஐந்து நாள் ஓய்வோடு நாள் 8-இல்: ஆறாவது ஆட்டம். நாள் 4-இல் வீசியவர் நாள் 9-இல்: ஏழாவது ஆட்டம். மிச்சம் இருப்பது நாள் 5, நான்காவது ஆட்டம் மட்டும். ஆக, மூன்று ஸ்டார்ட்டர்கள் தலா இரண்டு முறை, நான்காமவர் ஒரே ஒரு முறை. ஐந்தாமவருக்கு ஒன்பது நாளில் ஒரு வேலையும் இல்லை.

ஐந்து ஆட்ட டிவிஷன் சீரிஸில் நிலைமை இன்னும் இறுக்கம். அதன் தேதிகள் ஆண்டுக்கு ஆண்டு, லீகுக்கு லீக் மாறும். ஒருபோதும் நினைவிலிருந்து எழுதாதீர்கள். 2025 அமெரிக்கன் லீக் டிவிஷன் சீரிஸில் டொராண்டோவும் யாங்கீஸும் அக்டோபர் 4, 5, 7, 8 தேதிகளில் ஆடின. ஐந்தாவது ஆட்டம் தேவைப்பட்டால் 10. முதல் ஆட்டத்தின் ஸ்டார்ட்டர் 10-ஆம் தேதி ஐந்து நாள் ஓய்வோடு தயார், இரண்டாவது ஆட்டத்தவர்கூட நான்கு நாள் ஓய்வோடு தயார். நான்காவது ஸ்டார்ட்டர் தேவைப்படுவது 8-ஆம் தேதி ஒரு நாளுக்கு மட்டும். டொராண்டோ அந்த ஒரு நாளையும் ஸ்டார்ட்டரிடம் கொடுக்கவில்லை. லூயி வார்லேண்டைத் தொடங்கவைத்து, ரிலீவர்களை (இடையில் வந்து வீசும் பிட்சர்களை) வரிசையாக இறக்கி எட்டுப் பிட்சர்களோடு ஆட்டத்தை முடித்தது. 5-2 வெற்றி, தொடரும் கையில். ஷெர்சர் வெளியே இருந்த காரணம் அந்தக் கட்டத்தில் அப்படியே தெரிகிறது. ஏழு ஆட்டத் தொடர் வந்தவுடன் அவர் பட்டியலுக்குள் வந்தார். எந்த ஆட்டத்தில்? நான்காவது. மேலே போட்ட கட்டத்தில் காலியாக இருந்த அதே நாள் 5.

மூன்று ஆட்ட வைல்டு கார்டில் மூத்த நான்காவது ஸ்டார்ட்டரின் பெயரை எழுத ஆரம்பிக்காமலேயே இருக்கலாம். மூன்று நாளில் மூன்று ஆட்டம், ஓய்வு நாள் கிடையாது, மூன்று ஸ்டார்ட்டர் போதும். கெர்ஷாவும் வெர்லாண்டரும் விடுபட்டது இந்தச் சுற்றில்தான் என்பதைக் கவனியுங்கள்.

வைல்டு கார்டு ஆடி வென்ற அணியின் கணக்கு அடுத்த சுற்றில் கொஞ்சம் கோணலாகும். செவ்வாய்க்கிழமை வீசிய முதல் ஸ்டார்ட்டருக்கு சனிக்கிழமை டிவிஷன் சீரிஸ் தொடங்கும்போது மூன்று நாள் ஓய்வுதான் கிடைத்திருக்கும். அதனால் அங்கே முதல் ஆட்டத்துக்கு வேறொருவர் வேண்டும். 2025-இல் டாட்ஜர்ஸ் அந்த இடத்தில் ஓட்டானியை இறக்கியது. அப்படி ஒருவர் இல்லாத அணிக்கு, போன வாரம் வெளியே உட்கார்ந்திருந்த மூத்தவர் திடீரென அவசியமாகலாம். இரண்டு சுற்றையும் தனித்தனித் தாளில் போடுங்கள் என்று சொல்வது இதனால்தான்.

மீதி ஒன்பது இடமும் புல்பெனும்

நான்கு ஸ்டார்ட்டர் போக அதிகபட்சம் ஒன்பது இடம். அதுதான் புல்பென், அதாவது ரிலீவர் கூட்டம்; அவர்கள் தயாராகும் இடத்துக்கும் அதே பெயர். ஒரு ஸ்டார்ட்டர் எதிரணி வரிசையை இரண்டு சுற்று பார்ப்பார், அதாவது 18 பேட்டர்கள். மூன்றாம் சுற்று வரும்போது பேட்டர்களுக்குப் பந்து பழகிவிடும், அடியும் கூடும். லீக் பருவத்தில் அதைப் பொறுத்துக்கொள்வார்கள். அக்டோபரில் நான்கரை, ஐந்து இன்னிங்ஸிலேயே மேலாளர் எழுந்து வந்துவிடுவார். மீதி நான்கு இன்னிங்ஸுக்கு நான்கு ரிலீவர். ஓய்வின்றி மூன்று நாள் ஆட்டம் வந்தால் மூன்றாம் நாளும் அதே நால்வரை இறக்க முடியாது என்பதால் ஏழெட்டுப் பேர் வேண்டும்.

எல்லாரும் ஒரே வேலைக்கு அல்ல. கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸில் ஆட்டத்தை முடிக்கக் குளோசர். அவருக்கு முன்னால் இரண்டு பேர். இடக்கைப் பேட்டர்கள் நெருக்கமாக வரும் இடத்துக்கு ஓர் இடக்கையர், முடிந்தால் இருவர். ஆள்கள் பேஸில் நிற்கும்போது வந்து ஸ்ட்ரைக்அவுட் எடுக்கக்கூடியவர் ஒருவர். கடைசியாக, ஸ்டார்ட்டர் இரண்டாவது இன்னிங்ஸிலேயே உதைபட்டால் வந்து மூன்று நான்கு இன்னிங்ஸ் தாங்கும் லாங் மேன். 2020 முதல் உள்ள விதிப்படி உள்ளே வருகிற பிட்சர் குறைந்தது மூன்று பேட்டர்களைச் சந்திக்க வேண்டும், அல்லது அந்த அரை இன்னிங்ஸை முடிக்க வேண்டும். ஒரே ஒரு இடக்கைப் பேட்டருக்காக மட்டும் ஓர் ஆளை வைத்திருக்கும் பழைய வழக்கம் அதோடு போய்விட்டது. கிரிக்கெட் கண்ணோடு பார்ப்பவர்களுக்கு ஒன்று: இங்கே வெளியே எடுத்த பிட்சரைப் பிறகு வேறு ஸ்பெல்லுக்குக் கூப்பிட முடியாது. போனால் போனதுதான்.

அவரை ரிலீவராக வைத்துக்கொண்டால் என்ன?

எல்லோரும் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்வியும்கூட. சிலருக்கு நன்றாகவே அமைந்திருக்கிறது: 2017-இல் டாட்ஜர்ஸின் கென்டா மயேடா ஸ்டார்ட்டராக இருந்தவர், பிளேஆஃபில் ரிலீவராகி எதிரணிகளைத் திணறடித்தார். 2025-இல் டிவிஷன் சீரிஸ் பட்டியலில் இல்லாத டொராண்டோவின் கிறிஸ் பாசிட் அடுத்த சுற்றில் புல்பெனிலிருந்து வந்து உதவினார். ஆனால் எல்லா மூத்தவருக்கும் இது ஒத்துவராது. ஏன் என்பதைக் கிட்டப் போய்ப் பார்ப்போம்.

ஆறாவது இன்னிங்ஸ், ஒரு ரன் முன்னிலை, ஒருவர் அவுட், இரண்டு பேஸில் ஆள். புல்பென் தொலைபேசி அடிக்கிறது. இன்னும் இரண்டு பேட்டருக்குள் ஒருவர் தயாராக வேண்டும். இளம் ரிலீவர் ஜாக்கெட்டைக் கழற்றிப் பதினைந்து பந்து போட்டால் முழு வேகம் வந்துவிடும். நாற்பதை நெருங்கும் ஸ்டார்ட்டருக்குத் தொடக்க நாளில் ஒரு சடங்கு வரிசையே உண்டு: சூடு ஒத்தடம், நீட்டல், நெடுந்தூர எறிதல், பிறகு புல்பெனில் முப்பது பந்து வரை. அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். 2023-இல் வந்த பிட்ச் கடிகாரம் இந்த நேரத்தை இன்னும் சுருக்கிவிட்டது. ஒரு பந்து வீச, பேஸ் காலியாக இருந்தால் 15 விநாடி, ஆள் இருந்தால் 2024 முதல் 18 விநாடி. பிட்சர் நிற்கும் மேட்டுக்கு நடந்து போய்ப் பேசி நேரம் கடத்தவும் ஒரு ஆட்டத்துக்கு நான்கு முறைதான் அனுமதி. அவசரமாக எழுப்பினால் அவர் பாதி சூட்டில் வந்து நிற்பார். முதல் நான்கு பந்து நடுவே மிதக்கும். அக்டோபரில் அது போதும், ஆட்டம் போய்விட.

இரண்டாவது சிக்கல் மறுநாள். வீசியது இருபது பந்துதான் என்றாலும் மறுநாள் தோள் எப்படி எழுந்திருக்கும் என்று அவருக்கே தெரியாது. பதினைந்து வருஷமாக ஐந்து நாளைக்கு ஒருமுறை வீசிய உடம்பு அது.

மூன்றாவது, அவருடைய பலம் எதில் இருக்கிறது என்பது. நான்கைந்து வகைப் பந்து வைத்துக்கொண்டு, முதல் சுற்றில் ஒன்றைக் காட்டி இரண்டாம் சுற்றில் வேறொன்றால் ஏமாற்றி ஆறு இன்னிங்ஸ் ஓட்டுவதுதான் மூத்தவரின் வித்தை. ஒரே இன்னிங்ஸில் அதைக் காட்ட இடமே இல்லை. அங்கே 98 மைல் வேக ஃபாஸ்ட்பாலும் ஒரு கூரான ஸ்லைடரும் வைத்திருப்பவர்தான் ராஜா, அவருக்கு மூன்றாவது பந்து தெரியாவிட்டாலும்.

ஆகவே புல்பென் வாய்ப்பை எடைபோட மூன்றைத் தேடுங்கள். அவர் முன்பு ரிலீவராக வந்திருக்கிறாரா. முதல் இன்னிங்ஸில் அவருடைய கணக்கு மற்ற இன்னிங்ஸை விட மோசமா. இன்னிங்ஸின் தொடக்கத்தில், பேஸ் காலியாக இருக்கும்போதுதான் அவரை இறக்குவார்கள் என்றால் அப்படி ஓர் இடம் இந்த அணியில் காலியாக உள்ளதா. மூன்றுக்கும் சாதகமான பதில் வராவிட்டால் லாங் மேன் இடம் ஒன்றுதான் அவருக்கு மிச்சம்.

அந்த லாங் மேன் வேலையிலும் அபாயம் இருக்கிறது. பல நாள் ஆடாமல் இருந்து திடீரென இறங்க வேண்டிவரும். கெர்ஷா 2025 டிவிஷன் சீரிஸ் மூன்றாவது ஆட்டத்தில் அப்படித்தான் வந்தார். இரண்டு இன்னிங்ஸில் ஐந்து ரன் போனது, ஒரு ஸ்ட்ரைக்அவுட்கூட இல்லை. அதே மனிதர் வேர்ல்டு சீரிஸ் மூன்றாவது ஆட்டத்தில் 12-ஆவது இன்னிங்ஸில் மூன்று பேஸிலும் ஆள் நிற்க, இரண்டு அவுட்டோடு வந்து ஒரே பேட்டரை வீழ்த்திவிட்டுப் போனார். இன்னிங்ஸ் முடிந்ததால் மூன்று பேட்டர் விதி அவரைக் கட்டிப்போடவில்லை. எங்கே இறக்குகிறோம் என்பது யாரை இறக்குகிறோம் என்பதற்குக் குறைந்ததல்ல.

எந்த எண்ணை நம்பலாம்

ஆண்டு முழுக்க உள்ள ஈ.ஆர்.ஏ.-வை (பிழையால் வந்தவை போக, ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாகக் கொடுத்த ரன்) வைத்து முடிவெடுக்காதீர்கள். வெர்லாண்டர் 2024-இல் 17 ஆட்டங்களில் 5.48 என்று முடித்தார். அது பார்க்க மோசமான எண், ஆனால் அதில் ஃபீல்டர்களுக்கு எட்டாமல் போன பந்தும் அதிர்ஷ்டமும் கலந்திருக்கும். கடைசி ஐந்தாறு ஆட்டங்களுக்கு மட்டும், ஸ்ட்ரைக்அவுட் சதவீதத்திலிருந்து வாக் (நான்கு தவறான பந்தால் பேட்டர் இலவசமாக முதல் பேஸ் போவது) சதவீதத்தைக் கழித்துப் பாருங்கள். உதாரணத்துக்கு, ஒருவர் 120 பேட்டர்களைச் சந்தித்து 22 ஸ்ட்ரைக்அவுட், 11 வாக் என்றால் 18.3-இலிருந்து 9.2-ஐக் கழிக்க வேண்டும். சுமார் 9 வரும். லீக் சராசரி 14-ஐ ஒட்டி இருக்கும். 9 என்றால் பேட்டர்கள் அவர் பந்தை வசதியாகப் பார்க்கிறார்கள் என்று அர்த்தம். போட்டியில் இருக்கும் இளைஞர் 60 பேட்டரில் 19 ஸ்ட்ரைக்அவுட், 6 வாக் என்றால் 21-ஐத் தாண்டும். 60 பேர் சின்னக் கணக்குதான், ஒத்துக்கொள்ள வேண்டும். அதனால் அடுத்த எண்ணையும் சேர்த்துப் பாருங்கள்.

அது வேகம். பேஸ்பால் சாவன்ட் தளத்தில் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் சராசரி ஃபாஸ்ட்பால் வேகம் இலவசமாகக் கிடைக்கும். மே, ஜூன் மாத வேகத்தோடு செப்டம்பர் வேகத்தை ஒப்பிடுங்கள். ஒன்றரை மைலுக்கு மேல் இறங்கியிருந்தால் சோர்வு அல்லது சொல்லாத வலி இருக்கலாம். ஆட்டத்துக்குள்ளேயும் பாருங்கள்: முதல் இன்னிங்ஸுக்கும் ஐந்தாவதுக்கும் இடையே இரண்டு மைல் விழுகிறவரை நான்காவது ஸ்டார்ட்டராக வைக்கவும் யோசிப்பார்கள். வேகம் குறைந்தும் ஸ்ட்ரைக்அவுட் குறையாதவர்கள் உண்டு. அவர்களைத் தள்ளிவிட வேண்டாம், அது கைத்தேர்ச்சி.

எதிரணியைப் பார்க்காமல் இதெல்லாம் அரைக் கணக்குதான். எதிரணி வரிசையில் ஐந்து இடக்கைப் பேட்டர் இருந்தால், இரண்டு பக்கத்தாரையும் சமமாகச் சமாளிக்கும் மூத்த வலக்கையரைவிட ஒரு சாதாரண இடக்கையருக்கு மதிப்பு கூடும். பேஸ் திருடும் அணி என்றால், காலைத் தூக்கி மெதுவாக வீசும் பழைய பாணிக்காரர்களின் ஓட்டைகள் பளிச்சென்று தெரிந்துவிடும்.

பார்க்கவே கூடாதவை: சம்பளம், மொத்த வெற்றிகள், கடைசியாக ஆடிய ஒரே ஒரு ஆட்டம். சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் பாரி சீட்டோவுக்கு ஏழு வருஷத்துக்கு 126 மில்லியன் டாலர் கொடுத்திருந்தது. 2010 பிளேஆஃபின் எந்தச் சுற்றிலும் அவரைச் சேர்க்கவில்லை. லின்சிகம், கெய்ன், சான்செஸ், 21 வயது பம்கார்னர் என்று நால்வர் இருந்தார்கள். நாட்காட்டியில் ஐந்தாவது நாற்காலி இல்லை. அந்த அணி கோப்பையை வென்றது. கொடுத்த பணம் திரும்பி வராது என்பதை ஒப்புக்கொண்ட நிர்வாகம் அது. எல்லா நிர்வாகத்துக்கும் அந்த மனசு வராது.

பதின்மூன்றாவது பிட்சரா, கூடுதல் ஓட்டக்காரரா

13 என்பது உச்சவரம்பு. நிரப்பியே ஆக வேண்டும் என்பதில்லை. வைல்டு கார்டில் 11, 12 பிட்சரோடு நிறுத்தி, மிச்ச இடத்தில் வேகமாக ஓடும் ஒருவரையோ மூன்றாவது கேட்சரையோ வைப்பது வழக்கம். மூத்தவரோடு மோதுவது இன்னொரு பிட்சர்தான் என்று நினைத்துவிடாதீர்கள். எட்டாவது இன்னிங்ஸில் ஒரு பேஸ் திருடுவதற்காக மட்டுமே உட்கார்ந்திருக்கும் ஓட்டக்காரரும் அவருக்குப் போட்டியாளர்தான்.

எதிர்த்தட்டிலும் கல் உண்டு. லீக் பருவத்தில் பத்தாவது இன்னிங்ஸ் முதல் இரண்டாவது பேஸில் ஓர் ஆளை நிறுத்தி ஆட்டத்தைச் சீக்கிரம் முடிப்பார்கள். பிளேஆஃபில் அந்த விதி கிடையாது; ஆட்டம் நீண்டால் நீண்டதுதான். 2018 வேர்ல்டு சீரிஸ் மூன்றாவது ஆட்டம் 18 இன்னிங்ஸ் போனது. பாஸ்டனின் நேதன் யோவால்டி ரிலீவராக வந்து 97 பந்து வீசினார். 2022-இல் ஹூஸ்டனும் சியாட்டிலும் 18 இன்னிங்ஸ் ஆடி 1-0 என்று முடித்தன. 2025 வேர்ல்டு சீரிஸ் மூன்றாவது ஆட்டமும் 18. டாட்ஜர்ஸின் வில் கிளைன், பலருக்கு முகமே தெரியாத ரிலீவர், கடைசி நான்கு இன்னிங்ஸை ரன் கொடுக்காமல் தாங்கினார். 11 பிட்சரோடு இறங்கி இப்படியோர் இரவு வாய்த்தால், அடுத்த இரண்டு நாள் புல்பென் காலி. மூன்று ஆட்டச் சுற்றில் துணிந்து குறைக்கலாம். ஏழு ஆட்டத் தொடரில் 12-க்குக் கீழே போவது எங்கள் பார்வையில் சூதாட்டம்.

தொடர் நடுவில் காயம் பட்டால்

முதல் ஆட்டம் தொடங்கியதும் பட்டியல் பூட்டப்படும். காயம் மட்டுமே திறவுகோல், அதற்கும் லீக் ஒப்புதல் வேண்டும். பிட்சருக்குப் பதில் பிட்சர், பேட்டருக்குப் பதில் பேட்டர். 2023 வேர்ல்டு சீரிஸில் டெக்சஸ் ரேஞ்சர்ஸ் மூன்றாவது ஆட்டத்துக்குப் பிறகு இருவரை மாற்றியது: முதுகு பிடித்த ஷெர்சருக்குப் பதில் பிராக் பர்க், அடோலிஸ் கார்சியாவுக்குப் பதில் எசிகியேல் டுரான்.

விலை கடுமையானது. காயத்தால் நீக்கப்பட்டவர் அந்தத் தொடரில் திரும்ப முடியாது. அணி முன்னேறினால் அடுத்த சுற்றிலும் முடியாது. லீக் சாம்பியன்ஷிப் சீரிஸில் ஒருவரை நீக்கினால் வேர்ல்டு சீரிஸுக்கும் அவர் இல்லை. இதனால்தான் லேசான தசைப்பிடிப்போடு இருக்கும் மூத்தவரைப் பட்டியலில் போட்டுப் பார்க்கலாம் என்று துணிவதில்லை. ஒரு சுற்று வெளியே வைத்தால் அடுத்த சுற்றில் சேர்க்கலாம். உள்ளே வைத்து நீக்க நேர்ந்தால் இரண்டு சுற்று போச்சு. சந்தேகம் இருக்கும்போது வெளியே வைப்பதே அவருக்கும் நல்லது.

வெளியே வைத்தவரைத் தயாராக வைத்திருப்பது

பட்டியல் வெளியே கசிவதற்கு முன் மேலாளரும் பிட்சிங் பயிற்சியாளரும் அவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட வேண்டும். "உங்களால் முடியாது" என்ற தொனி வந்தால் உடைமாற்றும் அறை முழுக்கப் புகையும். "இந்த ஐந்து ஆட்டத்தில் நாலாவது ஸ்டார்ட்டர் வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறோம், ஏழு ஆட்டம் வந்தால் நாலாவது ஆட்டம் உங்களுக்கு" என்று தேதியோடு சொன்னால் கோபம் இருந்தாலும் வேலை புரியும். வாக்குறுதியாக மட்டும் சொல்லக் கூடாது. எதிரணி மாறினால் கணக்கும் மாறும். பிளேஆஃப் பங்குத்தொகை பற்றிய கவலை வேண்டாம்: யாருக்கு எவ்வளவு என்பதை வீரர்களே வாக்களித்துப் பிரித்துக்கொள்கிறார்கள், 26 பேர் பட்டியலை வைத்து அல்ல.

பிறகு வீச்சு. ஐந்து நாளைக்கு ஒருமுறை, சொந்த அணியின் பேட்டர்களை நிற்கவைத்து, இன்னிங்ஸ் இடைவெளி விட்டு உட்காரவைத்து எழுப்பி, 60 முதல் 75 பந்து. வெறும் புல்பென் வீச்சு போதாது. எதிரே மட்டை இல்லாவிட்டால் பந்தின் உயரம் நழுவுவது தெரியாது. இடையில் ஒரு நாள் 25 பந்து. இரண்டு சுற்றைத் தவறவிட்டால் பந்து எண்ணிக்கை 50-க்குக் கீழே போய்விடும். அப்புறம் அவர் ஸ்டார்ட்டராகவும் உதவமாட்டார், ரிலீவராகவும் உதவமாட்டார்.

அணியில் இல்லாத நாம் செய்ய வேண்டியது, தாளைக் கிழித்துப் போடாமல் இருப்பது. வெளியே போனவர் பெயரை அடியில் எழுதி, பக்கத்தில் அவர் கடைசியாக எதிராளி பேட்டர்களுக்கு வீசிய தேதியையும் பந்து எண்ணிக்கையையும் குறித்துவையுங்கள். அடுத்த சுற்றின் கட்டத்தைப் போட்டதும் நாள் 5-இல் யார் பெயர் வருகிறது என்று பாருங்கள். 2010-இல் மூன்று சுற்றும் வெளியே இருந்த சீட்டோ, 2012-இல் தோல்வியின் விளிம்பில் நின்ற ஜயன்ட்ஸுக்கு லீக் சாம்பியன்ஷிப் ஐந்தாவது ஆட்டத்தில் ஏழு இன்னிங்ஸுக்கு மேல் ரன் கொடுக்காமல் வீசினார். அடுத்து வேர்ல்டு சீரிஸ் முதல் ஆட்டத்தில் வெர்லாண்டரையே வென்றார். லீக் பருவம் முடிந்ததிலிருந்து ஓர் ஆட்டமும் ஆடாத ஷெர்சர், 2025-இல் சியாட்டிலில் அந்த நான்காவது ஆட்டத்தில் ஐந்து இன்னிங்ஸைத் தாண்டி வீசி வென்றார். ஐந்தாவது இன்னிங்ஸில் மேலாளர் மேட்டுக்கு வந்தபோது பந்தைக் கொடுக்க மாட்டேன் என்று விரட்டியேவிட்டார். வேர்ல்டு சீரிஸ் ஏழாவது ஆட்டத்தின் முதல் பந்தும் அவர் கையிலிருந்துதான் போனது. அவருக்கு அப்போது 41 வயது.